மீண்டும் வளையும் பாதம்: குறை யாருடையது?



சில ஆண்டுகளுக்கு முன்பு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு உடற்கல்வி கற்பித்துக்கொண்டிருந்தேன். திடலில் அனைவரையும் வரிசையில் நிறுத்தி, "குந்துங்கள்" என்றேன். எல்லாரும் குந்தினர். ஒரு மாணவன் மட்டும் முழங்காலை அரைகுறையாக மடித்துப் பின்பக்கம் சாய்ந்து விழுந்தான். மற்றவர்கள் சிரித்தனர். மீண்டும் குந்தச் சொன்னேன், மீண்டும் விழுந்தான். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறான் என்று எண்ணிக் கடிந்துகொண்டேன். வரிசையைவிட்டு வெளியே நிற்கவும் வைத்தேன்.

மறுநாள் காலையில் அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். கோபத்தோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, "டீச்சர், அவன் வேணும்னு செய்யல. பொறக்கும்போதே கால் வளைஞ்சி இருந்துச்சி. மாவுக்கட்டு போட்டு நேராக்குனாங்க. அப்புறம் ராத்திரியில கம்பிச் சப்பாத்து போடணும்னு சொன்னாங்க. நான்தான் ஒழுங்கா போடல" என்றார். பேசிக்கொண்டிருந்த பத்து நிமிடத்தில் "நான்தான்" என்ற சொல்லை எத்தனையோ முறை சொல்லிவிட்டார்.

என் தவறு எனக்குப் புரிந்தது. ஓர் உடற்குறையை ஒழுங்கீனம் என்று எண்ணித் தண்டித்துவிட்டேன். அதற்காக அந்த மாணவனிடமும் தாயாரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொண்டேன். ஆனால், அந்தத் தாயார் தம்மீது சுமத்திக்கொண்ட குற்றம் மட்டும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அது உண்மையிலேயே அவருடைய குற்றம்தானா? இக்கேள்விக்கு விடை தேடித்தான் இக்குறையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். நான் மருத்துவர் அல்லேன். படித்தறிந்ததையும் ஓர் ஆசிரியை என்ற முறையில் எனக்குத் தோன்றியதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வளைபாதம் என்றால் என்ன?

பிறக்கும்போதே குழந்தையின் பாதம் உட்புறமாகவும் கீழ்நோக்கியும் திரும்பியிருக்கும் நிலையே வளைபாதம். மருத்துவர்கள் இதனைக் ‘கிளப்ஃபுட்’ என்பர். குதிகால் மேலே ஏறியிருக்கும். உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தவாறு இருக்கும். உலக அளவில் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவர் அல்லது இருவர் இவ்வாறு பிறக்கின்றனர். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. பாதிக் குழந்தைகளுக்கு இரண்டு கால்களிலும் இக்குறை இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதைத் தவிர வேறு நோய் எதுவும் இராது. மரபுக்கு இதில் பங்குண்டு என்று அறிந்திருக்கிறார்கள். முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

நம் சமூகத்தில் காரணத்தை மிக விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறோம். கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள், காலைக் குறுக்கே மடித்துப் படுத்தாள் என்று ஆளுக்கொன்று சொல்வோம். இவற்றுக்கு அறிவியல் சான்று எதுவுமில்லை. ஆயினும், குழந்தை பிறந்த அன்றே தாயின்மீது முதல் பழி விழுந்துவிடுகிறது. பின்னர் வரும் பழிகளுக்கு அதுவே அடித்தளம் ஆகிவிடுகிறது.

ஒரு மருத்துவரின் பொறுமை

இன்று உலகம் முழுவதும் வளைபாதத்திற்குச் செய்யப்படும் சிகிச்சை ‘பொன்செட்டி முறை’ எனப்படுகிறது. பெயரைக் கேட்டதும் நம்மூர்ச் செட்டியார் ஒருவரோ என்று தோன்றும். இக்னாசியோ பொன்செட்டி 1914 ஜூன் 3-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் மெனோர்க்கா தீவில் பிறந்தவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயமுற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தை அடைந்தார். 2009-இல் தம் 95-ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த நாளே இன்று உலக வளைபாத நாளாக நினைவுகூரப்படுகிறது.

அக்காலத்தில் வளைபாதத்தைப் பெரிய அறுவையால் திருத்தினர். அப்படித் திருத்தப்பட்ட பாதங்கள் நாளடைவில் விறைத்து வலியெடுப்பதைப் பொன்செட்டி கண்டார். 1940-களின் இறுதியில் வேறு வழியை உருவாக்கினார். பிறந்த சில வாரங்களிலேயே குழந்தையின் பாதத்தைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பி, அந்நிலையிலேயே மாவுக்கட்டுப் போடுவது. வாரம் ஒருமுறை கட்டைப் பிரித்து, இன்னும் சற்றுத் திருப்பி, மீண்டும் கட்டுவது. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பிறகு, குதிகால் நாணைச் சிறு கீறலால் தளர்த்தி, மூன்று வாரங்களுக்குக் கடைசிக் கட்டுப் போடுவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தச் சிறு கீறல் தேவைப்படும்.

இத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கின்றனர். சிகிச்சையின் நீண்ட பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு காலணிகளை ஒரு சட்டத்தால் இணைத்த கருவி ஒன்றைக் குழந்தைக்கு அணிவிக்க வேண்டும். மருத்துவமனையில் ‘பிரேஸ்’ என்கிறார்கள். அந்தத் தாயார் சொன்ன ‘கம்பிச் சப்பாத்து’ இதுதான். முதல் மூன்று மாதங்களுக்கு நாளொன்றுக்கு 23 மணி நேரம். அதன்பின் இரவிலும் பகல் தூக்கத்திலும், குழந்தைக்கு நான்கு அல்லது ஐந்து வயதாகும்வரை.

ஏன் இவ்வளவு காலம்? பாதம் நேரான பின்பும் அதனை உள்ளிழுத்த தசைநார்களின் இயல்பு உடனே மாறிவிடுவதில்லை. குழந்தை வேகமாக வளரும் அந்த முதல் ஆண்டுகளில் அவை மீண்டும் இழுக்கின்றன. கம்பிச் சப்பாத்து பாதத்தைத் திருத்துவதற்கு அன்று; திருத்தியதைக் காப்பதற்கே. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இக்குழந்தைகளின் வீட்டில் ஐந்து வயதுவரை மீண்டும் வளையவிடாமல் காப்பதே பெரும்பாடு.

எந்தப் பாதம் மீண்டும் வளையும்?

இந்தக் கேள்விக்கு மருத்துவர்கள் பல ஆண்டுகளாக விடை தேடுகின்றனர். முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் குழந்தையைக் கூடுதலாகக் கவனிக்கலாம் அல்லவா?

பொன்செட்டியும் அவருடைய சக மருத்துவர் ஒருவரும் 1963-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாதம் மீண்டும் வளைந்ததை மறைக்காமல் எழுதினார்கள். அவ்வாறு வளைந்தவற்றையும் மீண்டும் திருத்த முடிந்தது. 1995-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அவரிடம் சிகிச்சை பெற்றவர்களை முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பிடித்துச் சோதித்தது. அவர்களில் 78 விழுக்காட்டினரின் பாதங்கள் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தன. பிறவிக்குறை இல்லாத பொதுமக்களிடையே அதே அளவுகோலில் கிடைத்தது 85 விழுக்காடு. வேறுபாடு மிகச் சிறியது.

2004-இல் ஐயோவா மருத்துவர்கள் 157 குழந்தைகளின் 256 பாதங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 98 விழுக்காட்டினருக்குப் பாதம் நேரானது. 17 பேருக்கு, அதாவது 11 விழுக்காட்டினருக்கு, மீண்டும் வளைந்தது. எந்த வயதில் சிகிச்சைக்கு வந்தனர் என்பதற்கும், எத்தனை கட்டுகள் தேவைப்பட்டன என்பதற்கும், மீண்டும் வளைந்ததற்கும் தொடர்பில்லை. கம்பிச் சப்பாத்தைச் சொன்னபடி அணியாததற்கே தொடர்பிருந்தது.

அதே ஆண்டில் 51 குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்ட இன்னோர் அமெரிக்க ஆய்வும் இதையே கூறியது. பிறக்கும்போது பாதம் எவ்வளவு கடுமையாக வளைந்திருந்தது என்பதுகூட முடிவைத் தீர்மானிக்கவில்லை. கருவியைச் சொன்னபடி அணியாத குழந்தைகளுக்கு மீண்டும் வளையும் வாய்ப்பு விகிதம் 183 என்று கணக்கிட்டனர். ஆய்வு சிறியது என்பதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால், காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதில் ஐயமில்லை.

மருத்துவர்களிடம் வேறு அளவுகோல்களும் உண்டு. பிரானி என்ற மருத்துவர் வகுத்த முறையில் பாதத்தின் ஆறு அடையாளங்களைப் பார்த்து, சுழியம் முதல் ஆறு வரை புள்ளியிடுவர். புள்ளி கூடினால் கட்டுகளும் கூடும், குதிகால் நாணைத் தளர்த்தவும் நேரும் என்று ஓரளவு கணிக்கலாம். பாதத்தை வெளிப்பக்கம் உயர்த்தும் தசைகள் வலுவற்றிருந்தாலும், முதுகுத்தண்டுக் குறை போன்ற வேறு நோய்கள் சேர்ந்திருந்தாலும் மீண்டும் வளையும் வாய்ப்பு அதிகம். இதனை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு நாள்கூடத் தவறாமல் கருவியை அணிவித்த குடும்பங்களிலும் சில குழந்தைகளின் பாதம் மீண்டும் வளைகிறது. ஆகவே, மீண்டும் வளைந்த பாதத்தைக் கண்டதும் "வீட்டில் ஒழுங்காகப் பார்க்கவில்லை" என்று முடிவு கட்டுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

‘ஒத்துழையாமை’ என்னும் சொல்

அந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில் மற்றொரு முடிவும் இருந்தது. பெற்றோர் உயர்நிலைப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய வீடுகளில் பாதம் மீண்டும் வளைவது அதிகம் என்று கண்டனர். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரில் பலர் அந்த அளவு படித்தவர்களே. அப்படியானால் குறை நம்மவரின் கல்வியிலா?

2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நூறு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். நாட்டுப்புறத்தில் வாழும் பூர்வகுடிக் குடும்பங்களில் கருவியை நிறுத்துவதும் பாதம் மீண்டும் வளைவதும் மிக அதிகமாக இருந்தன. ஆனால், அதே பூர்வகுடியினர் நகரத்தில் வாழ்ந்தபோது அந்நிலை இல்லை. பாதத்தின் இயல்பும் காரணமாகத் தெரியவில்லை. கருவி ஏன் தேவை என்பதை அக்குடும்பங்களுக்கு விளங்கும் வகையில் எடுத்துச் சொல்லவில்லை. அறிவுரை சொன்ன முறை அவர்களின் பேச்சு வழக்கத்தோடு ஒட்டவில்லை என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தனர்.

ஆசிரியர்களே, இதை நாம் உடனே புரிந்துகொள்வோம். வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் விளங்கவில்லை என்றால் முதலில் எதைச் சோதிக்க வேண்டும்? கற்பித்த முறையை அல்லவா?

மருத்துவ ஏடுகளில் இத்தகைய குடும்பங்களை ‘ஒத்துழையாதவர்கள்’ என்ற பொருள்படக் குறிப்பிடுகின்றனர். தமிழில் ஒத்துழையாமை என்றால் காந்தியடிகளின் இயக்கம் நினைவுக்கு வரும். அது தெரிந்தே, துணிந்தே மறுப்பது. அந்தத் தாயார் எதை மறுத்தார்?

அவர் சொன்னதைக் கேளுங்கள். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்க வேண்டும். தாயார் தொழிற்சாலையில் மாறி மாறி இரவு வேலை பார்த்தவர். அந்த இரவுகளில் குழந்தை பாட்டியோடு உறங்கினான். கருவியை மாட்டியதும் வீறிட்டு அழுவான். பாட்டிக்குப் பொறுக்காது, கழற்றிவிட்டுக் காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவார். குதிகாலில் ஒருமுறை கொப்புளம் கண்டது. அது ஆறட்டும் என்று இரண்டு வாரம் நிறுத்தினர். அதன்பின் குழந்தை அதைத் தொடவே விடவில்லை. காலணி சிறியதானபோது புதியது வாங்கப் பணம் தட்டுப்பாடு. இதற்கிடையில் குழந்தை நடந்தான், ஓடினான். பாதம் பார்வைக்கு நேராகவே இருந்தது. "நல்லாத்தானே நடக்குறான்" என்று எல்லாரும் சொன்னார்கள். மருத்துவமனைத் தவணை ஒன்று தவறியது, அடுத்ததும் தவறியது.

இதில் எந்த இடத்தில் ஒத்துழையாமை இருக்கிறது? சோர்வு இருக்கிறது, பணக்கஷ்டம் இருக்கிறது, பாட்டியின் பாசம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முக்கியமான வாக்கியம் அவர் காதில் சரியாக விழவே இல்லை: ‘பாதம் நேராகத் தெரியும்போதுதான் கருவி மிகவும் தேவை.’ ஒருவேளை அது சொல்லப்பட்டிருக்கலாம். பரபரப்பான கிளினிக்கில், மலாயிலோ ஆங்கிலத்திலோ, ஐந்து நிமிடத்தில் சொல்லப்பட்டிருக்கலாம். அழும் கைக்குழந்தையோடு நின்ற தாய்க்கு அதில் எவ்வளவு மனத்தில் தங்கும்?

2016-இல் வெளியான ஓர் ஆய்வில் கருவிக்குள் உணர்கருவியைப் பொருத்தி, குழந்தை உண்மையில் எத்தனை மணி நேரம் அணிந்தது என்று அளந்தனர். பெற்றோர் சொன்ன நேரத்தைவிட அளந்த நேரம் குறைவாக இருந்தது. இதை வைத்துப் பெற்றோரைப் பொய்யர் என்று சொல்லிவிட வேண்டா. நம் மாணவர்களின் வாசிப்புப் பதிவேட்டில் படிக்காத நூல்களுக்கும் கையொப்பம் விழுவதை நாம் அறிவோம். திட்டுக்கு அஞ்சுகிற இடத்தில் உண்மை வெளிவராது. உண்மை வெளிவராத இடத்தில் உதவியும் கிடைக்காது. தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் ஒவ்வொரு சொல்லும் குழந்தையின் பாதத்திற்கே கேடாக முடிகிறது.

கணிப்பது எதற்காக?

ஆசிரியர் தொழிலிலும் நாம் கணித்துக்கொண்டே இருக்கிறோம். 2010-இல் தொடங்கிய லினுஸ் திட்டத்தில், முதலாம் ஆண்டிலேயே எழுத்தும் எண்ணும் அறியாத மாணவர்களைச் சோதனை வழி கண்டறிந்தோம். நோக்கம் நல்லது, தொடக்கத்திலேயே கண்டு கைகொடுப்பது. ஆனால், சில வகுப்புகளில் என்ன நடந்தது? ‘லினுஸ் பையன்’ என்பது ஒரு பட்டப்பெயராக மாறியது. கணிப்பு, உதவியாக இல்லாமல் முத்திரையாகிவிட்டது.

வளைபாதத்திலும் இந்த அபாயம் உண்டு. ‘படிப்புக் குறைந்த பெற்றோர், வருமானம் குறைந்த வீடு, ஆகவே இக்குழந்தையின் பாதம் மீண்டும் வளையும்’ என்று ஒரு கோப்பில் எழுதி வைப்பது எளிது. அதே செய்தியைக் கொண்டு, ‘இந்த வீட்டுக்கு இன்னொரு முறை தொலைபேசியில் அழைப்போம், பாட்டியையும் கிளினிக்குக்கு அழைத்து விளக்குவோம், தமிழில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்வோம்’ என்றும் முடிவெடுக்கலாம். ஆய்வுகள் தந்த அறிவு ஒன்றுதான். அதை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதே கேள்வி. பாதத்தின் கடுமை நம் கையில் இல்லை. இரவில் கருவி அணிவிப்பதை எளிதாக்குவது நம் எல்லாருடைய கையிலும் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வுகள் தரும் பெரிய நம்பிக்கை அதுவே.

பள்ளிக்கு இதில் என்ன வேலை?

"இது மருத்துவமனை விவகாரம்; பள்ளி ஏன் தலையிட வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். கருவி அணியும் கடைசிக் காலமும் பிள்ளைகள் பாலர் பள்ளிக்கு வரும் காலமும் ஒன்றையொன்று தொடுகின்றன. மீண்டும் வளைவது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். ஏழு வயதுக்குப் பின் மிக அரிது என்றே பொன்செட்டி கருதினார். அதற்குப் பிறகும் வளைவதுண்டு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்நேரத்தில் கிளினிக் தவணைகள் அரிதாகிவிடும். ஓடும்போதும் குந்தும்போதும் அக்குழந்தையை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர்தாம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய சில அடையாளங்கள்:

1. குதிகாலைத் தரையில் பதித்துக் குந்த முடியாமல் மாணவன் பின்னால் சாய்வது. குந்துக் கழிப்பறையைத் தவிர்ப்பதும் இதனால் இருக்கலாம்.

2. நடக்கும்போது பாதத்தின் வெளி விளிம்பில் ஊன்றுவது. காலைத் தூக்கும்போது உள்ளங்கால் உட்பக்கம் திரும்புவது.

3. குதிகால் தரையைத் தொடாமல் முன்பாதத்தில் நடப்பது.

4. பள்ளிச் சப்பாத்தின் வெளிப்பக்கம் மட்டும் விரைவாகத் தேய்ந்துபோவது.

5. முன்பு ஓடியாடிய பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுவது, கால் வலி என்று ஒதுங்குவது.

இவை நோயை உறுதிசெய்யும் சான்றுகள் அல்ல. வேறு காரணங்களாலும் இவ்வாறு நேரலாம். நாம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரைத் தனியே அழைத்து, கண்டதை மட்டும் சொன்னால் போதும்: "இவனால் குதிகாலை ஊன்றிக் குந்த முடியவில்லை. சிறு வயதில் காலுக்குச் சிகிச்சை ஏதும் செய்தீர்களா? ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவோமா?" மற்ற மாணவர்கள் முன்னிலையில் கேட்காதீர்கள். "ஏன் கவனிக்கவில்லை?" என்ற கேள்வி வேண்டவே வேண்டா. பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவினரிடமும் அந்த மாணவனைக் காட்டலாம்.

சேர்க்கையின்போது பெற்றோரிடம் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை பற்றிக் கேட்கிறோம். ‘பிறவியிலேயே கால் வளைந்து சிகிச்சை பெற்றதுண்டா?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்தால் என்ன? ஒரு வரிதான். அந்த வரி அன்று எங்கள் பாரத்தில் இருந்திருந்தால், திடலில் நான் அந்தத் தவறைச் செய்திருக்க மாட்டேன்.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

சிறு குழந்தைக்குக் கருவி அணிவிக்கும் பெற்றோர் இதைப் படித்தால், உங்களுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். முதல் சில நாள்கள் குழந்தை அழும். இரண்டு கால்களையும் ஒன்றாக அசைக்கக் கற்றுக்கொண்டதும் பெரும்பாலும் பழகிவிடும். பல் துலக்குவது, கதை கேட்பது, கருவி அணிவது, உறங்குவது என்று நாள்தோறும் ஒரே ஒழுங்கில் செய்யுங்கள். குழந்தைகளுக்கு ஒழுங்கு பிடிக்கும். ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை என்பதுதான் பிடிவாதத்தை வளர்க்கும். இரு காலணிகளை இணைக்கும் சட்டத்தின்மீது துணியோ பஞ்சோ சுற்றிவிட்டால் குழந்தைக்கும் அடிபடாது, உங்கள் மேசை நாற்காலிக்கும் அடிபடாது.

பருத்திக் காலுறை அணிவியுங்கள். குதிகால் காலணிக்குள் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தோல் சிவந்தாலோ கொப்புளித்தாலோ நீங்களாகவே நிறுத்திவிடாமல் கிளினிக்கை அழையுங்கள். பெரும்பாலும் காலணியின் அளவையோ வாரையோ சரிசெய்தால் போதும். பாட்டி, தாத்தா, பிள்ளை பார்ப்பவர் என்று இரவில் குழந்தையோடு இருக்கும் எல்லாரையும் ஒருமுறையாவது கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் வாயால் அவர்கள் கேட்க வேண்டும்.

கருவிக்குப் பணம் இல்லையென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணி அதிகாரிகள் இருக்கின்றனர். செயற்கை உறுப்புகளுக்கும் துணைக் கருவிகளுக்கும் சமூக நல இலாகாவில் உதவித் திட்டமும் உண்டு. விண்ணப்பம் நிரப்பத் தெரியவில்லை என்றால் உங்கள் பிள்ளையின் ஆசிரியரிடம் வாருங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

ஏற்கெனவே பாதம் மீண்டும் வளைந்துவிட்டதா? அத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. பெரும்பாலும் மீண்டும் சில மாவுக்கட்டுகளால் திருத்துகின்றனர். சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு, பாதத்தை உட்பக்கம் இழுக்கும் தசைநாண் ஒன்றை வெளிப்பக்கத்திற்கு மாற்றிப் பொருத்தும் அறுவையும் உண்டு. எவ்வளவு விரைவில் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. தவறவிட்ட தவணைக்காகத் திட்டுவார்களோ என்ற அச்சம் உங்களைத் தடுக்க வேண்டா.

ஒரு வேண்டுகோள்

நம் ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எழுத்தில் வல்லவர்கள். விளையாட்டுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் எத்தனை துண்டறிக்கைகளை அழகாகத் தயாரிக்கிறோம்! கம்பிச் சப்பாத்தைப் பற்றி எளிய தமிழில், படங்களோடு, ஒரே பக்கத்தில் ஓர் அறிக்கை தயாரிக்க நம்மால் முடியாதா? மருத்துவர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்தால், அதைப் பாலர் பள்ளிகளிலும், தாய்சேய் நலக் கிளினிக்குகளிலும், கோயில் அறிவிப்புப் பலகைகளிலும்கூட வைக்கலாம். ஆயிரத்தில் ஒருவருக்குத்தானே என்று ஒதுக்க வேண்டா. அந்த ஒருவரின் தாய்க்கு அது ஆயிரத்தில் ஒன்று அன்று.

நான் கடிந்துகொண்ட அந்த மாணவனுக்கு மீண்டும் மாவுக்கட்டுப் போட்டார்கள். பின்னர் அறுவையும் செய்தார்கள். கட்டோடு இருந்த வாரங்களில் அவனுக்காக எங்கள் வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றினோம். அவன் கட்டின்மீது வகுப்பு மாணவர்கள் தங்கள் பெயர்களை எழுதினர்; திடலில் சிரித்தவர்களும் எழுதினர். இன்றும் அவன் குந்தும்போது ஒரு குதிகால் சற்றே தூக்கி நிற்கும். ஆனால், விழுவதில்லை.

அவனுடைய தாயாரைக் கடைசியாகச் சந்தித்தபோதும், "நான்தான் டீச்சர், அப்பவே..." என்று தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் இல்லம்மா" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்ல இயலாததைத்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் பள்ளியிலும் இத்தகைய மாணவர் இருந்தால், அக்குழந்தையின் பெயரைக் குறிப்பிடாமல் உங்கள் பட்டறிவை எழுதுங்கள். பிறர்க்கு அது உதவும்.